மின்னசோட்டாவின் ஏரிப்பெயர்கள்: நிலவியலும் பொதுவாழ்வும் பண்பாடும்

ஆய்வுச்சுருக்கம்

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் வடபகுதியில் கனடாவை ஒட்டி அமைந்த மின்னசோட்டா மாநிலம் ஏரிகளால் பெயர்பெற்றது. அவ்வேரிகளின் பெயர்களில் டகோட்டா, ஒஜிப்வே என்னும் தொல்குடி மொழிகளும் பிரெஞ்சும் ஆங்கிலமும் அடுக்கடுக்காகப் படிந்துள்ளன. இப்பெயர்களை நிலைத்தவை, மொழிபெயர்க்கப்பட்டவை, புனையப்பட்டவை, திணிக்கப்பட்டவை, மீட்கப்பட்டவை என ஐவகைப்படுத்தி, ஒவ்வொரு வகையும் நிலவுரிமை வரலாற்றோடு கொண்ட தொடர்பை இக்கட்டுரை விளக்குகிறது. மினியாபொலிஸ் நகரத்து ஏரியொன்று தன் பழம்பெயரை மீண்டும் பெற்ற நிகழ்வு சிறப்பாக ஆராயப்படுகிறது. தொல்குடிச் சொற்களைப் பெயரில் ஏற்றுக்கொள்வதும் அச்சொற்களுக்கு உரிய மக்களை ஏற்றுக்கொள்வதும் வேறுவேறு என்பதே இக்கட்டுரையின் கருத்து.

திறவுச்சொற்கள்: இடப்பெயராய்வு, மின்னசோட்டா, டகோட்டா, ஒஜிப்வே, ஏரிப்பெயர், பெயர்மீட்பு, மொழிமீட்பு

முன்னுரை

ஒரு நிலத்தில் யார் வாழ்ந்தனர், எம்மொழி பேசினர், எதனை உண்டனர் என்பவற்றை எழுத்துச் சான்றுகள் கிடைக்காத நிலையிலும் இடப்பெயர்கள் உணர்த்தவல்லன. மக்கள் புலம்பெயர்ந்த பின்னும், மொழி வழக்கிழந்த பின்னும் பெயர் எஞ்சி நிற்பதுண்டு. எனினும் எஞ்சிய பெயர்கள் அனைத்தும் ஒரே தன்மையன அல்ல. அங்கு வாழ்ந்தோர் இட்ட பெயரும், வந்தேறியோர் அம்மொழிச் சொல்லை எடுத்துத் தாமே புனைந்த பெயரும் ஓசையால் ஒத்திருக்கலாம். வரலாற்றால் அவை முற்றிலும் வேறானவை. இவ்வேறுபாட்டைத் தெளிவாகக் காட்டும் நிலப்பகுதிகளுள் மின்னசோட்டா குறிப்பிடத்தக்கது. 1849இல் ஆட்சிப்பகுதியாகவும், 1858 மே 11 அன்று 32ஆம் மாநிலமாகவும் அமைந்த இந்நிலத்தில் 2020 கணக்கெடுப்பின்படி ஏறத்தாழ 57 இலட்சம் மக்கள் வாழ்கின்றனர். பதினொரு தொல்குடி அரசுகள் இங்கு ஏற்பிசைவு பெற்றுள்ளன. அவற்றுள் ஏழு ஒஜிப்வே மக்களுடையவை, நான்கு டகோட்டா மக்களுடையவை.

பனியாறு வடித்த நிலம்

மின்னசோட்டாவின் பரப்பு ஏறத்தாழ 2,25,000 சதுர கிலோமீட்டர். பத்து ஏக்கருக்கு மேற்பட்ட பரப்புடைய ஏரிகள் 11,842 என மாநில அரசு கணக்கிட்டுள்ளது. ‘பத்தாயிரம் ஏரிகளின் நாடு’ என்னும் வழக்கு ஆதலின் மிகைக்கூற்றன்று. உண்மை எண்ணிக்கையினும் அது குறைவேயாகும்.

இவ்வேரிகள் பெரும்பாலும் இறுதிப் பனியூழியின் விளைவுகள். வடக்கிலிருந்து படர்ந்த பனிப்பாளங்கள் பின்வாங்கியபோது மணலும் சரளையும் களிமண்ணும் மேடுகளாகக் குவிந்தன. அப்படிவுகளில் புதைந்த பெரும் பனிக்கட்டிகள் பின்னர் உருகியமையால் குழிகள் தோன்றி நீர் நிரம்பின. மினியாபொலிஸ் நகரின் நடுவே தொடராக அமைந்த ஏரிகளும் இவ்வாறு தோன்றியவையே. மாநிலத்தின் வடமேற்கில் பனியுருகு நீர் தேங்கி அகசீ என்னும் பெயரால் இன்று சுட்டப்படும் மாபெரும் ஏரி உருவாயிற்று. அவ்வேரி தெற்கு நோக்கி வழிந்த பேராறு அகழ்ந்த அகன்ற பள்ளத்தாக்கிலேயே இன்றைய மின்னசோட்டா ஆறு ஓடுகிறது. அகசீ ஏரி வடிந்த நிலத்தில் செவ்வேரி, வன ஏரி போன்ற பெரிய நீர்நிலைகள் எஞ்சின.

மூன்று திசைகளில் நீர் பிரிந்தோடுவது இந்நிலத்தின் மற்றொரு சிறப்பு. இட்டாஸ்கா ஏரியில் தோன்றும் மிசிசிப்பி ஆறு ஏறத்தாழ 3,770 கிலோமீட்டர் தெற்கே ஓடி மெக்சிகோ வளைகுடாவை அடைகிறது. மேற்கெல்லையில் ஓடும் செவ்வாறு வடக்கு நோக்கிச் செல்ல, அதன் நீர் இறுதியில் அட்சன் விரிகுடாவைச் சேர்கிறது. வடகிழக்கின் நீர் சுப்பீரியர் ஏரி வழியாக அட்லாண்டிக் பெருங்கடலுக்குச் செல்கிறது. வடகிழக்கில் ஊசியிலைக் காடும், தென்கிழக்கிலிருந்து குறுக்காகப் படர்ந்த அகன்ற இலைக் காடும், தெற்கிலும் மேற்கிலும் புல்வெளியும் என மூவகை நிலங்கள் இங்குச் சந்திக்கின்றன. 1996 பிப்ரவரி 2 அன்று வடபகுதியில் டவர் என்னும் ஊரருகே பதிவான சுழியத்துக்குக் கீழ் 51 செல்சியசு என்பதே மாநிலத்தின் மிகக் குறைந்த வெப்பநிலை. குளிர்காலத்தில் உறைந்த ஏரியின்மேல் சிறு குடில்களை நிறுத்தி, பனியில் துளையிட்டு மீன்பிடிப்பது இங்குப் பரவலான வழக்கம். மே மாதத்தில் மீன்பிடி பருவம் தொடங்கும் நாளை மாநில ஆளுநரே தூண்டிலுடன் தொடங்கிவைக்கும் மரபு 1948 முதல் உள்ளது. நீர் இந்நிலத்தின் இயற்கைக் கூறாக இருப்பதோடு பொதுவாழ்வின் களமாகவும் விளங்குகிறது.

ஏரியைக் குறிக்கும் சொற்கள்

டகோட்டா மொழியில் ‘ம்னி’ என்பது நீரையும் ‘ப்டே’ என்பது ஏரியையும் குறிக்கும். பிற கிளைவழக்குகளிலும் பழைய எழுத்துமுறையிலும் பின்னது ‘ம்டே’ என வரும். அடைச்சொல் பெயர்ச்சொல்லுக்குப் பின்னே நிற்பது இம்மொழியின் இயல்பு. ஆகவே ‘மக்கா ஸ்கா’ என்பது சொல்லுக்குச் சொல் ‘மண் வெண்மை’ ஆகும். ‘ப்டே மக்கா ஸ்கா’ என்பது ‘வெண்மண் ஏரி’. பொதுக்கூறு முன்னும் சிறப்புக்கூறு பின்னும் அமைகின்றன.

ஒஜிப்வே மொழி அல்கோன்கிய மொழிக்குடும்பத்தைச் சேர்ந்தது. சூ மொழிக்குடும்பத்தைச் சேர்ந்த டகோட்டாவோடு உறவற்றது. இதில் ஏரியைச் ‘சாகஇகன்’ என்பர். ‘ஒமஷ்கோசோ-சாகஇகன்’ என்பது ‘எல்க் மான் ஏரி’. ‘மிசி-சாகஇகன்’ என்பது ‘பெரிய ஏரி’. தமிழ் இடப்பெயர்களிற்போலவே சிறப்புக்கூறு முன்னும் பொதுக்கூறு பின்னும் வருகின்றன. நீர்ப்பரப்பை உணர்த்தும் ‘கமி’ என்னும் உறுப்பு சுப்பீரியர் ஏரியின் பெயராகிய ‘கிச்சிகமி’ என்பதில் உள்ளது.

ஏரி மக்களால் பெயர்பெற்றது போலவே மக்களும் ஏரியால் பெயர்பெற்றனர். டகோட்டா பிரிவினருள் ஒருவராகிய ம்டேவக்கான்டன் என்போரின் பெயர் ‘ம்டே வக்கான்’ என்னும் ஏரியை அடிப்படையாகக் கொண்டது. ‘வக்கான்’ தெய்வத்தன்மையை உணர்த்தும் சொல். பதினெட்டாம் நூற்றாண்டில் அவ்வேரிப் பகுதி ஒஜிப்வே மக்களின் கைக்கு மாறியபின் அது ‘மிசி-சாகஇகன்’ என வழங்கியது. பிரெஞ்சு வணிகர் அவ்வட்டாரத்தை ‘ஆயிரம் ஏரிகள்’ என்னும் பொருளில் சுட்டிய ‘மில் லாக்ஸ்’ என்னும் தொடர் பின்னர் ஒரே ஏரிக்குப் பெயராகி இன்றும் வழங்குகிறது. ஓர் ஏரியின் மூன்று பெயர்கள் மூன்று மக்களின் வரவைப் பதிவுசெய்துள்ளன.

நிலைத்தனவும் மொழிபெயர்க்கப்பட்டனவும்

வழக்கிலுள்ள பெயர்களுள் முதல்வகை, தொல்குடி வடிவம் சிதைந்தேனும் நிலைத்தவை. ஏரியின் ஊடே ஆறு குறுக்காகப் பாய்வதைச் சுட்டும் ஒஜிப்வே சொல்லின் திரிபே பெமிட்ஜி என்னும் ஊர்ப்பெயர். மாநிலப் பெயரும் இவ்வகையே. ‘ம்னி சோட்டா’ என்பது முதலில் ஆற்றின் பெயர். ‘சோட்டா’ என்பது மங்கலைக் குறிப்பது. முகிலும் வானமும் நிழலாடும் நீர் என இதற்கு விளக்கம் கூறுவர்.

இரண்டாம் வகை, பொருள் மட்டும் வேற்றுமொழிக்கு மாறியவை. ‘பேசும் ஏரி’ என்னும் பொருளுடைய டகோட்டா பெயர் ‘லாக் கி பார்ல்’ எனப் பிரெஞ்சில் பெயர்க்கப்பட்டு, இன்று ஏரிக்கும் கவுண்டி எனப்படும் ஆட்சிப்பிரிவுக்கும் பெயராக நிற்கிறது. செவ்வேரி, அட்டை மிகுந்த ஏரி ஆகியன ஒஜிப்வே பெயர்களின் ஆங்கில வடிவங்கள். மொழிபெயர்ப்பில் பொருள் திரிவதும் உண்டு. பிரெஞ்சில் ‘மேலுள்ள ஏரி’ என்ற பொருளில் இடப்பட்ட பெயரே சுப்பீரியர் என ஆங்கிலத்தில் வழங்கி, ‘சிறந்த ஏரி’ என்னும் எண்ணத்தைத் தோற்றுவித்தது.

மாநிலத்தில் மிகுதியாகக் காணப்படும் ஏரிப்பெயர்களுள் ஒன்று ‘அரிசி ஏரி’. இங்கு அரிசி என்பது வயலில் விளையும் நெல்லன்று. ஆழமற்ற ஏரிகளிலும் மெல்லோடைகளிலும் தானே விளையும் நீர்ப்புல்லின் தானியம். ஒஜிப்வே மக்கள் இதனை ‘மனோமின்’ என்பர். டகோட்டா மக்கள் ‘ப்சின்’ என்பர். கோடை இறுதியில் ஒருவர் ஓடத்தைச் செலுத்த, மற்றவர் ஒரு கோலால் கதிர்களை வளைத்து மறு கோலால் மெல்லத் தட்டி மணிகளை ஓடத்துக்குள் உதிர்ப்பது அறுவடை முறை. உதிர்ந்தவற்றுள் ஒரு பகுதி நீரில் விழுந்து மறு ஆண்டுக்கு விதையாகும். 1906இல் அமைந்த மானோமென் கவுண்டியின் பெயர் இத்தானியத்தின் பெயரே. 1977இல் இது மாநிலத் தானியமாக அறிவிக்கப்பட்டது. நீரில் சல்பேட்டு மிகுந்தால் இப்பயிர் நலியும் என்பதால், இது விளையும் நீர்நிலைகளில் லிட்டருக்கு 10 மில்லிகிராம் என்னும் வரம்பு 1973இல் விதிக்கப்பட்டது. வடகிழக்குச் சுரங்கத் தொழிலுக்கும் தொல்குடி அரசுகளுக்கும் இடையிலான வழக்குரைகளில் இவ்வரம்பு இன்றளவும் மையப்பொருளாக உள்ளது. 2018இல் வெண்மண் ஒஜிப்வே அரசு மனோமின் பயிருக்கே உரிமைகள் உண்டெனச் சட்டம் இயற்றியது.

1852: புனையப்பட்ட பெயர்கள்

மூன்றாம் வகையைப் புரிந்துகொள்ள நிலவுரிமை வரலாற்றை அறிதல் வேண்டும். 1851 சூலை, ஆகத்து மாதங்களில் செய்யப்பட்ட இரு உடன்படிக்கைகளால் டகோட்டா மக்கள் ஏறத்தாழ 2.4 கோடி ஏக்கர் நிலத்தை விட்டுக்கொடுத்தனர். மின்னசோட்டா ஆற்றங்கரையில் ஒரு குறுகிய நிலப்பகுதியே அவர்களுக்கு எஞ்சியது.

அடுத்த ஆண்டில் நிகழ்ந்தவை கருதத்தக்கன. புனித பீட்டர் ஆறு என ஐரோப்பியர் வழங்கிய ஆற்றுக்கு ‘மின்னசோட்டா’ என்னும் டகோட்டா பெயரையே உரிய பெயராக அமெரிக்கப் பேரவை 1852இல் அறிவித்தது. அதே ஆண்டில் ஆட்சிப்பகுதி ஆளுநர் அலெக்சாண்டர் ராம்சி, மேற்கிலிருந்த பெரிய ஏரிக்கு ‘ம்னி’, ‘டங்கா’ (பெரிய) என்னும் இரு டகோட்டா சொற்களைச் சேர்த்து ‘மின்னடோங்கா’ எனப் பெயரிட்டார். மிசிசிப்பி ஆற்றருவியருகே தோன்றிய ஊருக்குச் சார்லஸ் ஹோக் என்னும் ஆசிரியர் ‘ம்னி’ என்பதோடு நகரம் என்னும் பொருளுடைய ‘போலிஸ்’ என்ற கிரேக்கச் சொல்லைப் புணர்த்தி ‘மினியாபொலிஸ்’ என்னும் பெயரைப் படைத்ததும் அவ்வாண்டே. சமயப் பரப்புநர் தொகுத்த டகோட்டா மொழி இலக்கணமும் அகராதியும் ஸ்டீபன் ரிக்ஸ் பதிப்பாக வெளிவந்ததும் 1852இலேயே.

மண் கைமாறிய மறு ஆண்டிலேயே மொழி அச்சேறியது. அம்மொழிச் சொற்கள் ஆட்சிப் பெயர்களாயின. இவற்றைத் தொல்குடியினர்பால் கொண்ட மதிப்பின் அடையாளமெனக் கொள்வது பொருந்தாது. உரியவர் அகற்றப்படும் நிலத்தில் அவர்தம் சொல் அணியாக நிறுத்தப்பட்டது எனக் கொள்வதே நிகழ்வுகளின் வரிசைக்கு ஏற்புடையது. பின்வந்த பத்தாண்டு இதனை உறுதிசெய்கிறது. உடன்படிக்கைப்படி சேரவேண்டிய பணம் தாமதமாகிப் பசி வாட்டிய நிலையில் 1862 ஆகத்தில் போர் மூண்டது. அவ்வாண்டு டிசம்பர் 26 அன்று மன்கேட்டோ நகரில் 38 டகோட்டா ஆடவர் ஒரே நேரத்தில் தூக்கிலிடப்பட்டனர். பெண்டிரும் குழந்தைகளும் முதியோருமாக ஏறத்தாழ 1,600 பேர் அக்குளிர்காலம் முழுவதும் ஸ்னெல்லிங் கோட்டையின் கீழ் அடைத்துவைக்கப்பட்டனர். அவ்விடம் மின்னசோட்டா ஆறும் மிசிசிப்பி ஆறும் கூடுமிடம். டகோட்டா மக்கள் அக்கூடலை ‘ப்டோட்டே’ என்பர். தம் தோற்றத்துக்குரிய புனித இடமாகப் போற்றுவர். 1863இல் உடன்படிக்கைகள் நீக்கப்பட்டு டகோட்டா மக்கள் மாநிலத்தினின்று வெளியேற்றப்பட்டனர். ‘ம்னி’ என்னும் சொல்லை மாநிலமும் நகரமும் ஏரியும் தாங்கிநிற்க, அச்சொல்லைத் தாய்மொழியாகப் பேசியோர் அங்கு வாழ இடமின்றிப் போயிற்று.

இலக்கியம் இட்ட பெயர்கள்

புனைபெயர்களின் மற்றொரு ஊற்று இலக்கியம். மிசிசிப்பியின் தோற்றுவாய்க்கு 1832இல் ஹென்றி ஸ்கூல்கிராப்டை அழைத்துச்சென்றவர் ஒசாவிந்திப் என்னும் ஒஜிப்வே வழிகாட்டி. எல்க் மான் ஏரி என ஒஜிப்வே மக்கள் வழங்கிய அந்நீர்நிலைக்கு ஸ்கூல்கிராப்ட் ‘இட்டாஸ்கா’ எனப் பெயரிட்டார். தொல்குடிச் சொற்போல ஒலிக்கும் இப்பெயர், உண்மை, தலை எனப் பொருள்படும் ‘வெரிட்டாஸ் காப்புட்’ என்னும் இலத்தீன் சொற்களின் முன்னும் பின்னும் நறுக்கி எடுத்ததாகும். பெயரின் ஓசை மட்டுமே கொண்டு அதன் மூலமொழியைத் துணிதல் கூடாது என்பதற்கு இது தக்க சான்று.

ஸ்கூல்கிராப்ட் தொகுத்து வெளியிட்ட ஒஜிப்வே கதைகளுக்கு அவர் மனைவியார் ஜேன் ஜான்ஸ்டன் ஸ்கூல்கிராப்டின் குடும்பமே பெருந்துணையாயிற்று. ஒஜிப்வே தாய்க்குப் பிறந்த அவ்வம்மையார் ஆங்கிலத்திலும் ஒஜிப்வேயிலும் கவிதை இயற்றியவர். அத்தொகுப்புகளை ஆதாரமாகக் கொண்டு ஹென்றி லாங்பெல்லோ 1855இல் ‘ஹயவாதாவின் பாடல்’ என்னும் நெடுங்கவிதையை வெளியிட்டார். அதில் வரும் மின்னஹாஹா என்னும் தலைவியின் பெயர் மினியாபொலிஸ் அருவியின் பெயரே. அருவியைக் குறிக்கும் அந்த டகோட்டா சொல்லைச் ‘சிரிக்கும் நீர்’ என ஆங்கிலேயர் தவறாகப் பொருள்கொண்டனர். லாங்பெல்லோ அவ்வருவியை நேரில் கண்டவரல்லர். கவிதைத் தலைவனுக்கு அமைந்த ஹயவாதா என்னும் பெயரும் ஒஜிப்வே மரபினதன்று. கிழக்கே வாழ்ந்த இரக்குவாய் மக்களின் தலைவர் ஒருவருடையது.

அக்கவிதையின் புகழ் மீண்டும் நிலத்துக்கே திரும்பியது. மினியாபொலிஸ் பூங்கா வாரியம் அமீலியா என்ற ஏரியை 1910இல் நொக்கோமிஸ் எனவும், அரிசி ஏரி என்ற மற்றொன்றை 1925இல் ஹயவாதா எனவும் மாற்றியது. உணவுப்பயிரைச் சுட்டிய பெயர் நீங்கிக் கவிதைமாந்தரின் பெயர் ஏறியது. நகர ஏரிகளின் பெயரை மாற்றுதல் அண்மைக் காலத்துப் புதுமை அன்று என்பதும் இதனால் பெறப்படும்.

திணிக்கப்பட்ட பெயரும் மீட்பும்

நான்காம் வகைக்கும் ஐந்தாம் வகைக்கும் ஒரே ஏரி எடுத்துக்காட்டாகிறது. மினியாபொலிஸ் நகரின் மிகப்பெரிய ஏரியை டகோட்டா மக்கள் ப்டே மக்கா ஸ்கா என வழங்கினர். அதன் கரையில் மாஹ்பியா விச்சாஷ்டா என்னும் தலைவர் 1829இல் வேளாண் ஊரொன்றை நிறுவினார். ஆங்கிலத்தில் அவர் பெயரை முகில் மனிதர் எனப் பெயர்த்து வழங்கினர். 1834இல் அங்குவந்து குடிலமைத்த சாமுவேல், கிடியன் பாண்ட் என்னும் உடன்பிறந்தார் டகோட்டா மொழியை எழுதுவதற்கு உரோமன் எழுத்துமுறையொன்றை வகுத்தனர். ஆகவே டகோட்டா எழுத்துவரலாற்றிலும் அவ்வேரிக்கு இடமுண்டு. ஒஜிப்வே மக்களோடு மூண்ட பூசலால் 1839இல் அவ்வூர் கைவிடப்பட்டது.

ஆங்கில நிலப்படங்களில் இவ்வேரி ஜான் கால்கூன் பெயரால் குறிக்கப்பட்டது. கால்கூன் 1817 முதல் 1825 வரை அமெரிக்கப் போர்த்துறைச் செயலராகவும் பின்னர்த் துணைக்குடியரசுத் தலைவராகவும் இருந்தவர். ஸ்னெல்லிங் கோட்டை எழுந்தது அவர் செயலராக இருந்த காலத்தில். தென் கரோலினாவின் மேலவை உறுப்பினராக அடிமை முறையை நன்மையென வாதிட்டவர் என்பதால் அவர் பெயர் பிற்காலத்தில் கடும் எதிர்ப்புக்கு உள்ளாயிற்று.

1883இல் அமைந்த மினியாபொலிஸ் பூங்கா வாரியம் நகர ஏரிக்கரைகளைப் பொதுவுடைமையாக்கிப் பேணிவருகிறது. கரை அனைவர்க்கும் பொதுவாக இருந்தமையால் அதன் பெயரும் பொதுவினாவாயிற்று. 2015இல் வாரியம் பெயர்ப்பலகையில் டகோட்டா பெயரையும் சேர்த்தது. 2017 நவம்பரில் ஹென்னெபின் கவுண்டி ஆட்சிக்குழு நான்குக்கு மூன்று என்னும் வாக்கில் பெயர்மாற்றத்தைப் பரிந்துரைத்தது. 2018 சனவரியில் மாநில இயற்கைவளத் துறை அதனை ஏற்றது. அவ்வாண்டே நடுவண் அரசின் புவிப்பெயர் வாரியமும் ஏற்றது.

எதிர்ப்பாளர் தொடுத்த வழக்கு ஒரு சட்டத் தொடரைப் பற்றியது. நாற்பது ஆண்டுகள் வழங்கிய ஏரிப்பெயரை மாற்றலாகாது என்னும் வரம்பு மாநிலச் சட்டத்தில் இருந்தது. அதனைக் காட்டி, இயற்கைவளத் துறை ஆணையருக்கு இம்மாற்றத்துக்கு அதிகாரமில்லை என மேல்முறையீட்டு நீதிமன்றம் 2019 ஏப்பிரலில் தீர்ப்பளித்தது. அவ்வரம்பு கவுண்டி ஆட்சிக்குழு வழியாக நடைபெறும் மாற்றங்களுக்கே உரியது, ஆணையரின் தனியதிகாரத்தைக் கட்டுப்படுத்தாது எனக் கூறி மாநில உச்சநீதிமன்றம் 2020 மே 13 அன்று அத்தீர்ப்பை மாற்றியது. டகோட்டா பெயர் நிலைபெற்றது.

இவ்வழக்கில் ஒரு முரண் உண்டு. நாற்பதாண்டு வழக்கு ஒரு பெயருக்கு உரிமை தருமெனின், அதற்கு முன்னிருந்த பெயரின் நெடுவழக்கு எவ்வாறு உரிமை இழந்தது? நீதிமன்றம் அதிகார வரம்பை மட்டுமே ஆராய்ந்தது. இவ்வினா அதன்முன் வரவில்லை. ஆயின் பொதுமன்றில் நிகழ்ந்த விவாதத்தின் உயிர்நிலை இதுவே. இவ்வகை முயற்சிக்கு முன்னோடியும் உண்டு. தொல்குடிப் பெண்டிரை இழிவுபடுத்தும் சொல்லொன்று பல நீர்நிலைகளின் பெயரில் இருந்தது. ஒஜிப்வே மாணவியர் இருவர் எழுப்பிய கோரிக்கையின் பயனாக 1995இல் அச்சொல்லை நீக்கும் சட்டம் இயற்றப்பட்டது.

பெயரும் உரிமையும்

பெயர் மீட்கப்பட்டதால் நிலம் மீளவில்லை. இதனை மறைத்துப் பெயர்மீட்பைப் புகழ்வது 1852இன் போக்கிலிருந்து பெரிதும் வேறாகாது. நீரின்மீதுள்ள உரிமை வேறு வழியில் நிறுவப்பட்டது. 1837 உடன்படிக்கையில் ஒஜிப்வே மக்கள் நிலத்தை விட்டுக்கொடுத்தபோதும் அங்கு வேட்டையாடவும் மீன்பிடிக்கவும் மனோமின் திரட்டவும் உள்ள உரிமையைத் தமக்கு வைத்துக்கொண்டனர். மாநிலம் அமைந்ததோடு அவ்வுரிமை ஒழிந்தது என மின்னசோட்டா அரசு வாதிட்டது. 1999 மார்ச்சில் அமெரிக்க உச்சநீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்னும் தீர்ப்பில் அவ்வாதத்தை மறுத்து, மில் லாக்ஸ் ஒஜிப்வே மக்களின் உரிமை தொடர்கிறது என உறுதிசெய்தது. ஏரிப்பெயரில் தொல்குடிச் சொல் இருப்பதைவிட ஏரியில் வலைவீசும் உரிமை கனமானது. எனினும் இரண்டும் ஒன்றையொன்று விலக்குவன அல்ல.

நீரையும் மொழியையும் ஒருங்கே கருதும் போக்கு மாநிலத்தின் அரசமைப்பிலேயே இடம்பெற்றுள்ளது. 2008இல் வாக்காளர் ஒப்பிய திருத்தம், 25 ஆண்டுகளுக்கு விற்பனைவரியை 0.375 விழுக்காடு உயர்த்தியது. அவ்வருவாயில் 33 விழுக்காடு தூயநீருக்கும், 33 விழுக்காடு காட்டுயிர் வாழிடங்களுக்கும், 14.25 விழுக்காடு பூங்காக்களுக்கும், 19.75 விழுக்காடு கலை, பண்பாட்டு மரபுக்கும் உரியது. இறுதிப் பங்கிலிருந்து டகோட்டா, ஒஜிப்வே மொழிமீட்புப் பணிகளுக்கு நிதி வழங்கப்படுகிறது. மின்னசோட்டா பல்கலைக்கழகம் மூத்தோரின் குரற்பதிவுகளோடு உருவாக்கிய ஒஜிப்வே மக்கள் அகராதி இந்நிதியால் பயன்பெற்றது. 1969இல் அங்குத் தொடங்கப்பட்ட அமெரிக்கத் தொல்குடி ஆய்வுத் துறையில் இரு மொழிகளும் கற்பிக்கப்படுகின்றன. முதன்மொழியாகப் பேசுவோர் மிகச் சிலராகிவிட்ட டகோட்டாவுக்கு, நாள்தோறும் ஏரியைச் சுற்றி நடப்போர் நாவில் பயிலும் மூன்று சொற்களும் பொருளற்றவை அல்ல. ‘ப்டே’ என்பதே ஏரி என்றறியாமல் அதன்முன் மீண்டும் ஏரியைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லைச் சேர்ப்போர் உளர். அக்கூறியதுகூறலைத் திருத்தும்போதே மொழியின் ஓர் இலக்கணக் கூறு கற்பிக்கப்படுகிறது.

முடிவுரை

மின்னசோட்டாவின் ஏரிப்பெயர்களை ஆராய்வார் மூலமொழியோடு நில்லாமல் மூன்று வினாக்களை எழுப்புதல் வேண்டும்: பெயரை இட்டவர் யார்? இட்ட காலத்தில் நிலம் யார் கையில் இருந்தது? அம்மொழியினர் அப்போது எங்கிருந்தனர்? இவற்றை எழுப்பினால் பெமிட்ஜியும் மின்னடோங்காவும் இட்டாஸ்காவும் ஒரே வகையின ஆகா. ஒன்று வாழ்ந்தோர் வழக்கு. மற்றொன்று பெற்றோர் புனைவு. இன்னொன்று தொல்குடிச் சாயல் பூண்ட இலத்தீன்.

1858இல் அமைந்து பின்னர்ச் சிறு திருத்தங்கள் பெற்ற மாநில முத்திரையில் குடியேறிய உழவர் ஒருவர் நிலத்தை உழ, தொல்குடியினர் ஒருவர் குதிரைமேல் அகன்று செல்லும் காட்சி இருந்தது. 2024 மே 11 அன்று நடைமுறைக்கு வந்த புதிய முத்திரையில் அக்காட்சி நீங்கி, லூன் என்னும் நீர்ப்பறவையும் மனோமின் கதிரும் ‘ம்னி சோட்டா மக்கோச்சே’ என்னும் டகோட்டா தொடரும் இடம்பெற்றுள்ளன. ‘மக்கோச்சே’ என்பது நிலம். 1852இல் நீரைக் குறிக்கும் சொல்லை ஏற்றுக்கொண்ட ஆட்சி, நிலத்தைக் குறிக்கும் சொல்லைத் தன் முத்திரையில் பொறிக்க 172 ஆண்டுகள் ஆயின. அச்சொல்லைப் பேசுவோர் அந்நிலத்தில் பெருகுவதே இப்பெயர்மீட்பின் மெய்ப்பயனை அளக்கும் கோலாகும்.